மெக்ரே துரையின் மூத்த பிள்ளை

போன மாதம் வித்யா போன் செய்தாள். காரைக்காலில் நான் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண். பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகள் இருக்கிற அறை அது. பழைய ஆட்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரை விடாமல் இன்னமும் ‘எத்தா சிவில்’ என்றுதான் சொல்வார்கள்.

“அக்கா, பழைய வால்யூமெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. பேரை அடிச்சா ஆளு வந்துடுறாரு. ஆனா வந்தவரு நாம தேடுன ஆளுதானான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? புதுசா சேந்த புள்ளைங்க கேக்குதுங்க. ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

“ஏண்டி, அதுக்கு என்னையா கேக்குற? எனக்கு வெக்கமா இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கூத்து நடந்தபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். “அதையே எழுதுங்கக்கா” என்றாள். சரி, எழுதுகிறேன். நான் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்த ஆட்களைப் பற்றி எழுதினால் என் வீட்டுக்காரரே படிக்க மாட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டு நெரவி பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். “பூட்டே உன்னப் பாத்து பயந்து போயிருக்கு, செல்வராணி” என்பார் என் வீட்டுக்காரர். இந்தக் குணம் வீட்டில் தொல்லை, வேலையில் பலம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. ஆறு மாதத்தில் பதிவேட்டைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதொன்றும் பெரிய வித்தையில்லை, ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், பேரும் நாளும்தான் மாறும். கஷ்டம் எங்கள் பதிவேட்டு அதிகாரி இக்னாசி சாரிடம் இருந்தது. அவரை எல்லாரும் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி ‘முசியே’ என்பார்கள். சத்தமே போட மாட்டார். தப்புக் கண்டுபிடித்தால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். இதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டித் தொலைக்கலாமே என்று எத்தனையோ நாள் பஸ்ஸில் அழுதிருக்கிறேன்.

அவரிடம் சட்டங்கள் நிறைய. வால்யூம் திறந்திருக்கும்போது மேஜையில் பேனா இருக்கக்கூடாது, பென்சில்தான். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அன்று முழுக்கப் பேச மாட்டார். வலது மேல் மூலையில் விரலை நுழைத்து, பக்கத்தை எழுப்பி, மற்றக் கையால் தாங்கித் திருப்ப வேண்டும். பதிவைப் படிக்கும்போது பிறந்தவன் யார் என்று கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி, “யாரு வந்து சொன்னது?” அதாவது இந்தப் பிறப்பையோ இறப்பையோ ஆபீசுக்கு வந்து தெரிவித்தவர் யார். அடுத்து, சாட்சி யார். அடுத்து, ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா. பிறகு மூன்று புத்தகம்: பிறப்பு, கல்யாணம், இறப்பு. ஒரு ஆளின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடித்தால் மற்ற இரண்டிலும் அவன் இருக்கிறானா என்று பார்க்காமல் நகல் எழுதக்கூடாது. “பொறந்ததை மட்டும் பாத்துட்டு குடுத்தீங்கன்னா, அவன் சாகவே இல்லன்னு நீங்க சொல்றதா அர்த்தம்” என்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் பூவத்திலிருந்து ஒரு பெரியவர் பிறப்புச் சான்று கேட்டு மூன்று தடவை வந்தார். அவர் சொன்ன வருஷத்தில் பதிவு இல்லை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருஷம் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முசியே அந்தக் காகிதத்தைப் படித்தார், பேனாவை மூடினார், எழுந்து போய்ப் பதினொரு வருஷம் தள்ளி இருக்கிற வால்யூமின் கடைசிப் பக்கங்களைத் திறந்து வைத்தார். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த சில நாளுக்குள் பதியாவிட்டால் பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோர்ட் தீர்ப்பு எந்த வருஷம் வந்ததோ அந்த வருஷத்து வால்யூமின் வாலில்தான் அந்தப் பிறப்பு ஏறும். பெரியவர் அங்கே இருந்தார். “நீங்களே போய் சொல்லிட்டு வாங்க. தபால்ல அனுப்பாதீங்க” என்றார் முசியே. பூவத்துக்கு மத்தியான வெயிலில் போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் மோர் கொடுத்து அனுப்பினார்.

எங்களிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரே காரியத்துக்காக வருவார்கள். தாத்தாவோ பூட்டனோ பிரெஞ்சுக் குடிமகன், அவருக்கும் எனக்கும் உள்ள உறவைக் காகிதத்தில் நிரூபித்துக் கொடுங்கள் என்பார்கள். உறவு இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி என் சர்வீஸில் ஒரே ஒரு ஆள்தான் வந்தார். ரோஸ்லின் டீச்சர்.

எனக்கு ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாதம் இருந்தது. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தேழு வயது, புருஷன் இல்லை, அனிதா என்று ஒரே பெண். ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வித்யா டீ வாங்கிக் கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். குடித்துவிட்டு, வலது கையைக் கண்ணுக்கு நேரே நீட்டி ஒரு நிமிஷம் பார்த்தார்.

“நடுங்குதா மேடம்? நீங்க பாத்து சொல்லுங்க.”

“டென்ஷன்ல யாருக்கும் நடுங்கும் டீச்சர். என்ன விஷயம்னு சொல்லுங்க.”

பையிலிருந்து ஒரு தடித்த பழைய பைபிளை எடுத்தார். அவர் குடும்பத்தின் மூத்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஹ்யூ மெக்ரே. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் பாதை போட்டபோது பாலம் கட்டுகிற வேலைக்கு வந்தவர். இங்கேயே செபஸ்தியம்மாள் என்கிற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். இரண்டு பையன்கள்: சேவியர், டங்கன். டீச்சர் சேவியரின் பேத்தி. டங்கனின் வம்சம் பிரான்ஸில் இருக்கிறது.

“டங்கன் தாத்தாவோட பேரன் லியோன்ல இருக்காரு. எனக்கு அண்ணன் முறை. அவருக்கு ரெண்டு வருஷமா கை காலு தானா ஆடுது. நடக்கும்போது தடுமாறுறாரு. இப்ப பேச்சும் குளறுது. அங்க டெஸ்ட் எடுத்தா, பரம்பரை வியாதியாம். மருந்து இல்லையாம். அவரு விசாரிச்சதுல ஸ்காட்லாந்துலயும் மெக்ரேயோட அண்ணன் வழியில இருக்காம். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா புள்ளைக்கு பாதிக்குப் பாதி. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடணும்னு டாக்டர் சொன்னாராம். போன்ல சொல்லிட்டு அழுவுறாரு.”

“உங்க அப்பாவுக்கு?”

“எனக்கு ஒரு வயசுல அப்பா பஸ் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. முப்பத்தெட்டு வயசு. தாத்தா சேவியர் பட்டாளத்துல சைகோனுக்குப் போனவரு, அங்கயே சின்ன வயசுல செத்துட்டாரு. யாருக்கு இருந்துச்சு, யாருக்கு இல்லன்னு சொல்ல ஒரு ஆளு மிச்சம் இல்ல. மெக்ரே துரை குடிச்சுட்டு ஆடிக்கிட்டே போயி அரசலாத்துல விழுந்து செத்தாருன்னு எங்க வீட்ல கதை சொல்லுவாங்க. சின்ன வயசுல அதைக் கேட்டு சிரிப்போம். இப்ப நெனச்சா, அவரு குடிச்சாரான்னே தெரியல மேடம்.”

ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “தெரிஞ்சுட்டா அப்புறம் தெரியாம ஆக்க முடியாதே” என்றார். அனிதாவுக்கு நிச்சயம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் மறைக்க மாட்டேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் நிச்சயதார்த்தம் நின்றுபோய்க் கிடந்தது.

இனிதான் டீச்சர் வந்த காரியம். அவர் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. மெக்ரே கல்யாணம் பண்ணும்போதே செபஸ்தியம்மாள் கையில் ஒரு பையன் இருந்தான் என்று. அந்தப் பையன்தான் சேவியர் என்றால், துரை வளர்த்த அப்பாதானே? ரத்தம் இல்லையே?

வீட்டுக் காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. பைபிளின் முதல் பக்கத்தில் துரையே கைப்பட எழுதியிருந்தார்: கப்பலில் வந்து இறங்கிய நாள், கல்யாணம், கல்யாணமாகிப் பதினொரு மாதம் கழித்து சேவியர் பிறப்பு, பிறகு டங்கன். ஆனால் சேவியரின் பட்டாளத்துப் புத்தகத்தில் பிறந்த வருஷம் அதற்கு மூன்று வருஷம் முந்தி. அதாவது கல்யாணத்துக்கும் முன்னால், துரை காரைக்காலில் கால் வைப்பதற்கும் முன்னால். அப்பா பேர் இருக்க வேண்டிய இடம் காலி.

அன்றைக்கு மத்தியானமே தேடினேன். பட்டாளத்துப் புத்தகம் சொன்ன வருஷத்தில் பதிவு இருந்தது. ஆண் குழந்தை, பெயர் சேவியர், தாய் செபஸ்தியம்மாள், தகப்பன் பெயர் இல்லை, வந்து சொன்னது மருத்துவச்சி. பைபிள் சொன்ன வருஷத்தில் சேவியர் என்று யாருமே பிறக்கவில்லை. டங்கன் மட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தான்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது என்று எனக்கு ஒரே குஷி. ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பேரை வைப்பார்களாம், லியோனில் இருக்கிற அந்த அண்ணன் டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். துரையின் அப்பா பேர் டங்கன். நம் ஊரிலும் அதுதானே வழக்கம்? தாத்தா பேர் இரண்டாவது பையனுக்குப் போயிருக்கிறது என்றால், துரைக்கு அவன்தான் முதல் பிள்ளை. சேவியர் அந்த அம்மாள் கூட்டி வந்த பிள்ளை. ஊர் வாய்க்குப் பயந்து துரை பெருந்தன்மையாக பைபிளில் தன் பிள்ளையாக, நாளை மாற்றி எழுதிக்கொண்டார். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்!

இறப்புப் பதிவேடு மேலடுக்கில் இருந்தது. ஏணி போட்டு ஏற வேண்டும். அந்த வாரம் வலது முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்தேன். வித்யா சாப்பிடப் போயிருந்தாள். சேவியர் சைகோனில் செத்ததுதான் தெரியுமே, இங்கே எதற்குத் தேட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள், அன்றைக்கு அந்த ஏணியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நகல் எழுதி, முத்திரை குத்தி, டீச்சர் கையில் கொடுத்தேன்.

“துரை ரத்தம் உங்களுக்கு இல்ல டீச்சர். நிம்மதியா போங்க.”

அவர் கவுண்டரில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு நிமிர்ந்து, “அக்கா” என்றார். மேடம் போய் அக்கா வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். போயிருந்தேன். அனிதா என்னைக் கட்டிக்கொண்டு, “ஆன்ட்டி, நீங்கதான் என் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை” என்றாள். மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் போனது. என் ஓய்வூதியக் காகிதங்களுக்கு என்னுடைய பிறப்புச் சான்று வேண்டியிருந்தது. நெரவி வால்யூம்கள் அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தன. வித்யா என் பேரையும் அப்பா பேரையும் அடித்துவிட்டு ஓ என்று கத்தினாள்.

“அக்கா! நீங்க ரெண்டு தடவ பொறந்திருக்கீங்க!”

திரையில் இரண்டு செல்வராணி. ஒரே அப்பா, ஒரே அம்மா, இரண்டு வருஷ இடைவெளி. இதில் எனக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. முதல் செல்வராணி என் அக்கா. ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்துப் பிறந்த எனக்கு அம்மா அதே பேரை வைத்தாள். போனவளே திரும்பி வந்தாள் என்று என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுவாளாம். எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி உண்டு.

“இவங்க எங்க அக்காடி, செத்துட்டாங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு மேலடுக்கையே வெறித்துப் பார்த்தேன். வித்யா பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள்.

“தண்ணி வேணாம். ஏணியப் போடு” என்றேன்.

நானே ஏறினேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் சேவியர் பிறந்த வருஷத்திலிருந்து இறப்புகளைப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். இருக்கக்கூடாது, மாதாவே, இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே திருப்பினேன். நான் வேதக்காரி இல்லை, ஆனாலும் அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்து மாதாவைத்தான் கூப்பிடத் தோன்றியது.

இருந்தான். சேவியர், வயது ஒன்றரை, தாய் செபஸ்தியம்மாள். துரையின் கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முந்தி. யார் வந்து சொன்னது என்று பார்த்தேன். ஹ்யூ மெக்ரே, பாலம் கட்டுகிற வேலை, அண்டை வீட்டுக்காரர். கீழே அவருடைய கையெழுத்து. பைபிளில் இருந்த அதே கோணல் கையெழுத்து.

அப்போது புரிந்தது. பக்கத்து வீட்டு அப்பனில்லாப் பிள்ளையின் சாவை ஆபீசுக்கு வந்து சொன்ன மனுஷன், பிறகு அந்தத் தாயையே கட்டிக்கொண்டார். தனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது தன் ஊர் வழக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் கேட்ட பேரை, செத்துப்போன பிள்ளையின் பேரை வைத்தார். அவர் பைபிளில் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் நிஜம். பொய் சொன்னது பட்டாளத்துப் புத்தகம்தான். வயது பத்தாத பையன் அண்ணனின் காகிதத்தைக் காட்டிப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் என்னைப் போல ஒரு குமாஸ்தா அன்றைக்கும் மேலடுக்குக்கு ஏறவில்லை.

அப்படியென்றால் இரண்டாவது சேவியரின் பிறப்பு எங்கே? பூவத்துப் பெரியவரின் ஞாபகத்தால் இந்த முறை எங்கே தேடுவதென்று தெரிந்தது. துரை பைபிளில் எழுதியதே போதும் என்று இருந்துவிட்டார் போல. அவர் இறந்த பிறகு செபஸ்தியம்மாள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். எட்டு வருஷம் தள்ளி ஒரு வால்யூமின் கடைசிப் பக்கங்களில், தீர்ப்புகளுக்கு நடுவில் கிடந்தது: சேவியர் மெக்ரே, ஹ்யூ மெக்ரேயின் மகன். பிறந்த நாள் பைபிளில் உள்ள அதே நாள்.

அனிதாவின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நானும் வித்யாவும் தவிர யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு வியாதி இருக்கிறது என்று யார் சொன்னது? பாதிக்குப் பாதிதானே, அதிலும் தாத்தாவுக்கு வந்து, அப்பாவுக்கு வந்து, பிறகல்லவா இவருக்கு? வித்யாவைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு கொழந்தை பொறக்குமேக்கா” என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நெரவியில் நின்றது. அங்கேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்துவிட்டேன். கண்டக்டர், “எறங்குறீங்களா இல்லையாம்மா?” என்று அதட்டியதில் மறுபடி உட்கார்ந்தேன்.

ரோஸ்லின் டீச்சர் கூடத்தில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா, வாங்க, என்ன இந்த வெயில்ல?” என்றார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும். இரண்டு பதிவின் நகலையும் மேஜையில் வைத்து, எது எந்தப் பிள்ளை என்று காட்டி, நான் ஏணி ஏறாததையும் சொன்னேன்.

அவர் இரண்டு நகலையும் அருகருகே நகர்த்தி வைத்துப் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏங்க்கா மறுபடி பாத்தீங்க?”

“தப்பு பண்ணிட்டேன் டீச்சர். மன்னிச்சிடுங்க.”

“தப்பப் பத்தி கேக்கல. மறுபடி ஏன் பாத்தீங்க? மூணு மாசமா நான் நல்லா தூங்குனேன். கைய நீட்டிப் பாக்குறதையே மறந்துட்டேன். அந்த மூணு மாசத்துக்கு உங்களக் கும்புடறதா, இன்னைக்கு வந்ததுக்கு உங்களத் திட்டுறதா, சொல்லுங்க!” கடைசிச் சொற்களைக் கத்திவிட்டார். ஒரு பத்திரிகைக் கட்டு சரிந்து தரையில் விழுந்தது.

அனிதா உள்ளேயிருந்து வந்து வாசல்படியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. “அம்மா, நான் போய் டெஸ்ட் எடுத்துக்கிறேன். அவருகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்” என்றாள்.

“நீ போகக்கூடாது” என்றார் டீச்சர்.

“ஏன்?”

“உனக்கு இருக்குன்னு வந்தா அது எங்கிட்டேருந்து வந்ததுதான? ஒரே பேப்பர்ல ரெண்டு பேருக்கும் தீர்ப்பு. அதுவே எனக்கு இல்லன்னா உனக்கு இல்ல. நீ தொட்டே பாக்க வேணாம்.” பத்திரிகைகளைப் பொறுக்கி அடுக்கினார். “நான் எடுத்துக்குறேன். உன்னக் கூட்டிட்டுப் போக என்னால முடியாது. உன் மூஞ்சப் பாத்தா நான் திரும்பி ஓடியாந்துடுவேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க வாங்க. நீங்கதான ஆரம்பிச்சு வச்சீங்க.”

கல்யாணம் தள்ளிப்போடப்பட்டது. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையன் சென்னையிலிருந்து ஒரு நாள் வந்து அனிதாவோடு ரொம்ப நேரம் பேசிவிட்டு, முடிவு வருகிற வரைக்கும் நானும் காத்திருக்கிறேன் என்று போனதாக டீச்சர் சொன்னார். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் வெறும் பேச்சுதான். தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா, தெரிந்தால் தாங்குவீர்களா என்று இரண்டு முறை கேட்டு அனுப்பினார்கள். மூன்றாம் முறைதான் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த ஐந்து வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. டீச்சர் தினமும் பள்ளிக்கூடம் போனார், கரும்பலகையில் கணக்குப் போட்டார். நான்தான் சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டேன். தெருவில் யார் தடுமாறி நடந்தாலும் நின்று பார்த்தேன். “டீச்சருக்கு டெஸ்டா, உனக்கா?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவருக்கு என்ன தெரியும்? முத்திரை குத்தின கை என்னுடையது.

முடிவு சொல்கிற நாளில் காலை பஸ்ஸில் டீச்சரும் நானும் போனோம். டாக்டர் அம்மாள் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்தேன். கதவு திறந்தபோது எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. டீச்சர் முகத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

“இல்லையாம்” என்றார்.

எனக்குக் காதில் விழவில்லையோ என்று, “என்ன?” என்றேன்.

“இல்லையாம்க்கா. எனக்கு இல்லையாம்.” போனை எடுத்தார். அனிதா நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் “அம்மா? அம்மா?” என்று கேட்கிறது. இவருக்கு வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. போனை என்னிடம் நீட்டினார். கூடவே கையிலிருந்த காகிதத்தையும்.

“அனிதா, செல்வராணி ஆன்ட்டி பேசுறேன். அம்மாவுக்கு இல்லம்மா. அம்மாவுக்கு அந்த வியாதி இல்ல.”

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தப் பெண் கேட்டாள், கோபமாக இல்லை, பயந்து பயந்து கேட்டாள்.

“ஆன்ட்டி, அந்தப் பேப்பர் எங்க அம்மாவோடதுதானா?”

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கேட்க அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. “இரும்மா, வைக்காத” என்றேன். காகிதத்தைப் பெஞ்சின் மேல் விரித்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தேன். பெயர். வயது. பிறந்த நாள். அப்பா பெயர். ஊர். ரத்தம் எடுத்த நாள். அதில் இருந்த நம்பரை டீச்சரின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பரோடு வைத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், அந்த டாக்டர் அம்மாளிடம் இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

“உங்க அம்மாவோடதுதாம்மா, அனிதா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.